விஸ்கி வாணிகமும் அரசாங்கத்தின் கையும்

பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு விஸ்கியைப் பொறுத்தமட்டில் இரண்டு முகங்கள் உண்டு. தன் நாட்டுக் குடிமகன் கடைக்குச் சென்று ஒரு புட்டி வாங்கினால், அவன்மீது கடுமையான தீர்வையைச் சுமத்துகிறது. அதே புட்டி கப்பலேறி அயல்நாடு செல்வதாயின் ஒரு காசும் தீர்வை கேட்பதில்லை. கேட்காததோடு, அந்த அயல்நாடு அதன்மேல் மிகுந்த வரி விதித்தால், "ஏன் விதித்தாய்?" என்று வழக்காடவும், அமைச்சர்களை அனுப்பித் தூது பேசவும் முன்னிற்கிறது. ஒரே பொருள், ஒரே அரசாங்கம். உள்நாட்டில் தண்டனை, வெளிநாட்டில் பரிந்துரை. இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது, இதனால் பயன் பெறுவோர் யார், இழப்போர் யார் என்று ஆராய்வது, இக்கால உலக வாணிகம் நடைபெறும் விதத்தை அறிந்துகொள்ளச் சிறந்த வழியாகும்.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம் விஸ்கியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சுவும் நம் குடும்பங்களில் விளைத்த கேட்டை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இங்கே பேசப்படுவது குடியின் பெருமையன்று. ஒரு நாடு தன் விளைபொருளை உலகச் சந்தையில் நிலைநிறுத்தப் படும் பாடு. ரப்பரும் ஈயமும் செம்பனையும் விற்றுப் பிழைத்த நாட்டில் வாழ்வோர்க்கு அந்தப் பாடு அந்நியமானதன்று.

விஸ்கி என்பது யாது?

ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் "உயிர்நீர்" எனப் பொருள்படும் ஒரு தொடரின் முற்பகுதி தேய்ந்து "விஸ்கி" ஆயிற்று. 1494ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கேட்டில், ஜான் கார் என்னும் துறவிக்கு உயிர்நீர் வடிப்பதற்காக எட்டு அளவை முளைகட்டிய பார்லி கொடுக்கப்பட்டது என்றொரு குறிப்பு உண்டு. இதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே. துறவி வடித்தார் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். அக்காலத்தில் அது மருந்தாகவும் கருதப்பட்டது.

பார்லியை நனைத்து முளைகட்டச் செய்து, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை எடுப்பர். அதை நொதிக்க வைத்துச் செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி வடிப்பர். இவ்வளவும் சில நாட்களில் முடிந்துவிடும். அதற்குப் பின்னர்தான் நீண்ட காத்திருப்புத் தொடங்குகிறது. வடித்த சாராயத்தை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி ஸ்காட்லாந்திலேயே மூன்றாண்டுக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் அதற்கு "ஸ்காட்ச் விஸ்கி" என்னும் பெயர் சட்டப்படி உரியதாகும். நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத மதுசாரம் அதில் இருத்தல் வேண்டும். நடைமுறையில் பத்து, பன்னிரண்டு, பதினெட்டு ஆண்டுகள் வைப்பவையும் உண்டு. ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து நூற்றுக்கு இரண்டு பங்கு போல ஆவியாகப் போய்விடும். "தேவதைகளின் பங்கு" என்று அந்நாட்டார் அதனை வேடிக்கையாகச் சொல்வர்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி வாசகர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். நெல் விதைத்தவன் ஆறு மாதத்தில் அறுத்துச் சந்தை நிலவரத்துக்கேற்ப விற்கிறான். விஸ்கி வடிப்பவனோ, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எந்த நாட்டில் எவ்வளவு விலைபோகும் என்று இன்றே ஊகித்து முதல் போடுகிறான். ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் ஏறத்தாழ 220 லட்சம் பீப்பாய்கள் இவ்வாறு காத்துக் கிடக்கின்றன. நடுவில் எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி மாறி வரி கூடினால், என்றோ வடித்து வைத்ததை இனித் திரும்ப பார்லியாக்க முடியாது. அரசாங்கத்தின் உதவியை இத்தொழில் ஓயாமல் நாடுவதன் அடிப்படைக் காரணம் இதுதான். ரப்பர் மரம் நட்டுப் பால் காண ஐந்தாறு ஆண்டு காத்திருந்தவர்கட்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வரியிலிருந்து பிறந்த தொழில்

ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் 1644ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சாராயத்துக்குத் தீர்வை விதித்தது. இங்கிலாந்தோடு இணைந்த பின்னர் அத்தீர்வை ஏறிக்கொண்டே போயிற்று. விளைவு யாது? மலைச்சரிவுகளிலும் குகைகளிலும் கள்ள வடிப்பு பெருகிற்று. அதிகாரிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கொப்பரைகளைப் பறிமுதல் செய்தும் பயனில்லை. இறுதியில் 1823ஆம் ஆண்டில் அரசாங்கம் வேறு வழியை மேற்கொண்டது. பத்துப் பவுன் கட்டணத்துக்கு உரிமம் அளித்து, தீர்வையையும் குறைத்து, வெளிப்படையாக வடிக்க இடங்கொடுத்தது. மறு ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் சுமித் என்பவர் உரிமம் பெற்றார். கள்ள வடிப்பாளரான அண்டை அயலார் அவரைத் துரோகி என்றனர். வடிசாலையைக் கொளுத்துவதாக மிரட்டினர். ஆகவே அவர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகளைச் செருகிக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. வரியைக் குறைத்ததனால் வரி வருமானம் கூடிற்று என்னும் பாடத்தை விஸ்கிக்காரர்கள் அன்றுமுதல் இன்றுவரை ஒவ்வொரு நிதியமைச்சரிடமும் ஒப்பித்து வருகின்றனர். நிதியமைச்சர்கள் எல்லாரும் அதைக் கேட்டதில்லை.

2025ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் நாளன்று பிரிட்டனில் தூய மதுசாரம் லிட்டர் ஒன்றுக்குத் தீர்வை 32 பவுன் 79 பென்ஸாக உயர்த்தப்பட்டது. முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த, அதாவது 70 சென்டிலிட்டர் கொண்ட புட்டியில், நூற்றுக்கு 40 வீதம் மதுசாரம் இருந்தால், தூய மதுசாரம் 0.28 லிட்டர். ஆக அவ்வாண்டில் தீர்வை மட்டும் 9 பவுன் 18 பென்ஸ். இதற்கு மேல் நூற்றுக்கு 20 வீதம் விற்பனை வரி வேறு. ஏற்றுமதியாகும் புட்டிக்கோ இவை இரண்டும் கிடையா. இதை ஏற்றுமதிக்கு அளிக்கும் சலுகை என்று சிலர் தவறாகக் கருதுவர். எந்த நாட்டவன் குடிக்கிறானோ அந்த நாடுதான் குடிக்கு வரி வாங்கும் உரிமை பெற்றது என்பது உலக வழக்கம். ஆதலால் இது சலுகையன்று, முறை.

இந்த முறை எவ்வளவு கண்டிப்பானது என்பதை ஒரு கப்பல் உடைந்தபோது உலகம் கண்டது. 1941 பிப்ரவரியில், ஏறத்தாழ 2,64,000 விஸ்கிப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜமெய்க்காவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்ட "பொலிட்டீஷியன்" என்னும் கப்பல், ஸ்காட்லாந்தின் மேற்கே எரிஸ்கே தீவருகில் தரைதட்டிற்று. மாலுமிகள் உயிர் தப்பினர். போர்க்காலப் பஞ்சத்தில் விஸ்கியின் மணமே மறந்திருந்த தீவுவாசிகள் இரவோடிரவாகப் படகுகளில் சென்று பெட்டி பெட்டியாக இறக்கினர். கடல் தந்தது கண்டவனுக்குச் சொந்தம் என்பது அவர்கள் நியாயம். சுங்க அதிகாரி ஒருவரோ, "ஏற்றுமதிச் சரக்கு, தீர்வை செலுத்தப்படாதது, உள்நாட்டில் குடித்தால் குற்றம்" என்று விடாது துரத்தினார். சிலர் சிறைக்கும் சென்றனர். காம்ப்டன் மெக்கன்சி இதை வைத்து 1947ஆம் ஆண்டில் எழுதிய நகைச்சுவை நாவல் படமாகவும் வந்து பேர்பெற்றது. நகைப்புக்கு அடியில் இருப்பது ஒரு கேள்வி: உண்பதற்கே முட்டுப்பட்ட போர்க்காலத்தில், நீர்மூழ்கிகள் வேட்டையாடும் கடலில், விஸ்கியை ஏன் ஏற்றி அனுப்பினார்கள்?

டாலர் வேட்டை

விடை, டாலர். ஆயுதமும் கோதுமையும் எண்ணெயும் அமெரிக்காவில் வாங்க வேண்டும். அமெரிக்கனோ பவுனை ஏற்கமாட்டான். அவன் விரும்பி வாங்கக்கூடிய பிரிட்டிஷ் பண்டங்கள் சிலவே. அவற்றுள் விஸ்கி முன்வரிசையில் நின்றது. போரின் நடுப்பகுதியில் தானியத் தட்டுப்பாட்டால் வடிப்பு நின்றுபோன காலமும் உண்டு. ஆயினும் 1945இல் பிரதமர் சர்ச்சில், விஸ்கிக்குரிய பார்லியைக் குறைக்கவே கூடாது என்று தம் அதிகாரிகளுக்கு எழுதினார். அது முதிர ஆண்டுகள் பல ஆகும், டாலர் ஈட்டித் தருவது என்பன அவர் காட்டிய காரணங்கள். போர் முடிந்த பின் வந்த தொழிற்கட்சி அரசாங்கமும் இதே வழியில் நடந்தது. ரொட்டியும் பங்கீட்டு அட்டைக்கு வந்துவிட்ட அந்நாட்களில், வடிப்புக்குத் தானியம் ஒதுக்கப்பட்டது. அவ்விஸ்கியின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கென்று வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரன் தன் ஊர் விஸ்கியைத் தன் ஊரிலேயே தேட வேண்டியதாயிற்று.

இதே ஆண்டுகளில் மலாயாவிலும் ஓர் ஒத்த நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகள் வாங்கிய மலாயா ரப்பரும், தகர டப்பாக்களுக்கு வேண்டிய மலாயா ஈயமும் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு எல்லாவற்றினும் மிகுதியான டாலரை ஈட்டித் தந்தன. இங்கிலாந்தின் கடனை அடைக்க ஒரு முனையில் ஸ்காட்லாந்தின் பீப்பாயும், மறுமுனையில் தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளியின் வாளியும் பயன்பட்டன. பீப்பாய்க்குக் கிடைத்த கவனம் வாளிக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

பெயரைக் காத்தல்

பணங்கொடுத்து உதவுவதுதான் அரசாங்க ஆதரவு என்று நினைத்தல் கூடாது. விஸ்கிக்குக் கிடைத்த ஆதரவில் மிகவும் மதிப்புள்ளது, பெயரைச் சட்டத்தால் காத்தது. விஸ்கி என்பது எது என்று தீர்மானிக்கவே 1908இல் ஓர் அரச விசாரணைக் குழு அமர்ந்தது. முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டுச் சட்டம் முதிராத சாராயத்தை விற்கத் தடை போட்டது. இரண்டாண்டு வைக்க வேண்டும் என்றிருந்தது மறு ஆண்டே மூன்றாண்டாயிற்று. குடியின் தீமையைக் குறைக்கவென்று வந்த சட்டம், உலகச் சந்தையில் ஸ்காட்ச் விஸ்கியின் தரச் சான்றாக மாறியது ஒரு வேடிக்கை. பின்னர் 2009ஆம் ஆண்டின் விதிகள் இவை யாவற்றையும் தொகுத்தன. சிங்கிள் மால்ட் எனப்படும், ஒரே வடிசாலையில் முளைப்பார்லி ஒன்றிலிருந்தே வடித்த உயர்ந்த வகையை, ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது.

சட்டம் தன் எல்லைக்குள்தான் செல்லும். அயல்நாட்டில் ஒருவன் தன் சரக்குக்கு ஸ்காட்லாந்தை நினைவூட்டும் பெயர் சூட்டினால், அந்நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெங்களூரின் கோடே நிறுவனம் "பீட்டர் ஸ்காட்" என்ற பெயரில் விஸ்கி விற்றது. ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தார் வழக்கிட்டனர். 2008ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1974இலேயே இந்தப் பெயரை அறிந்திருந்தும் 1986வரை வாளாவிருந்து பின்னர் வந்து முறையிடுவது செல்லாது என்பது தீர்ப்பின் முக்கியக் காரணம். இவ்வகை விஸ்கியை வாங்குவோர் விவரம் அறிந்தவர்கள், எளிதில் ஏமாறமாட்டார்கள் என்றும் நீதிமன்றம் கருதிற்று. உரிமை இருந்தும் உறங்கியவன் இழந்தான்.

ஜப்பானில் நடந்த வழக்கு

அடுத்தது வரிப் போராட்டம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லையில் விதிக்கும் சுங்கத் தீர்வை ஒன்று. நாட்டுக்குள் விற்பனையாகும்போது விதிக்கும் கலால் தீர்வை மற்றொன்று. முன்னதை ஒப்பந்தத்தால் குறைத்தாலும், பின்னதை அயல்நாட்டுச் சரக்குக்கு மட்டும் கூட்டி, உள்நாட்டுச் சரக்குக்குக் குறைத்துவிட்டால் பழைய மதிலே புதிய வேடத்தில் நிற்கும். இதைத் தடுக்கவே பொது வாணிக உடன்பாட்டின் மூன்றாம் பிரிவு, எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பொருளை உள்நாட்டுப் பொருளுக்கு நிகராகவே நடத்த வேண்டும் என்று விதித்தது.

ஜப்பானியரின் நாட்டுச் சாராயம் ஷோச்சு. விஸ்கியின்மேல் விதித்த வரி அதன்மேல் விதித்ததைப் போலப் பல மடங்கு இருந்தது. தாட்சர் அம்மையார் பிரதமராக இருந்த காலத்தில் ஜப்பானியத் தலைவர்களிடமே இதைப் பற்றி வலியுறுத்தினார். 1987இல் ஒரு தீர்ப்பும், 1989இல் ஓரளவு சீர்திருத்தமும் வந்தன. வேற்றுமை முற்றும் ஒழியவில்லை. உலக வர்த்தக அமைப்பு 1995இல் தோன்றியதும் ஐரோப்பிய சமூகமும் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. ஷோச்சு வேறு, விஸ்கி வேறு, ஒன்றுக்கொன்று ஒப்பல்ல என்று ஜப்பான் வாதாடிற்று. 1996ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டும் ஒரே மேசையில் ஒன்றுக்கொன்று போட்டியிடுவன. ஆகவே வரி வேற்றுமை கூடாது என்று முடிவாயிற்று. இதனையே பிடித்துக்கொண்டு கொரியாவின் சோஜுவுக்கும் சிலியின் பிஸ்கோவுக்கும் எதிராக வழக்குகள் வென்றன. பின்னர்ப் பிலிப்பீன்சும் இவ்வாறே தோற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தத் தீர்ப்பும் மதுவுக்கு வரியைக் குறை என்று சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வை. ஆனால் உன்னுடையதற்கும் என்னுடையதற்கும் ஒன்றாக வை என்றுதான் சொன்னது. மக்களின் உடல்நலங்கருதிக் குடியைக் கட்டுப்படுத்த விரும்பும் அரசாங்கத்தின் கைகளை இவ்விதி கட்டவில்லை. வாணிக உடன்பாடுகள் எல்லாம் மதுவை ஊருக்குள் வாரி இறைக்க வந்த சூழ்ச்சி என்று மேடையில் முழங்குவோர் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் நலம்.

விமானத்துக்காக அடிபட்ட விஸ்கி

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தம்முள் பேசி, விஸ்கி முதலிய பல சாராய வகைகளுக்குச் சுங்கத் தீர்வையே வேண்டாம் என்று ஒத்துக்கொண்டன. இது இரு பக்கத்தார்க்கும் நன்மையாயிற்று. அமெரிக்கரின் பூர்பன் விஸ்கிக்கு, உள்ளே தீய்த்த புதிய ஓக் கலங்கள்தாம் பயன்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அவர்கட்கு வேண்டாததாகிறது; அதை வாங்கி வந்துதான் ஸ்காட்லாந்தார் தம் விஸ்கியை முதிர வைக்கின்றனர். ஆகவே கென்டக்கியின் மரவேலைக்காரனும் ஸ்காட்லாந்தின் வடிப்பாளனும் போட்டியாளர்கள் மட்டுமல்லர், கூட்டாளிகளும் ஆவர்.

இந்த நல்லுறவு இருபது ஆண்டுகளுக்குமேல் நீடித்தது. பின்னர் இடி விழுந்தது விஸ்கியால் அன்று, விமானத்தால். ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனத்துக்குச் சில ஐரோப்பிய அரசாங்கங்கள் முறையற்ற உதவி செய்தன என்று அமெரிக்கா 2004இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. அமெரிக்கா தன் போயிங் நிறுவனத்துக்குச் செய்யும் உதவி மட்டும் ஒழுங்கா என்று ஐரோப்பாவும் திருப்பி முறையிட்டது. பதினைந்து ஆண்டு வழக்காடிய பின், 2019 அக்டோபரில், ஆண்டொன்றுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியச் சரக்குகளின்மேல் பதில் வரி விதிக்க அமெரிக்காவுக்கு உரிமை கிடைத்தது. அந்த மாதம் 18ஆம் நாள்முதல், விமானங்களுக்கு நூற்றுக்கு 10 வீதமும், சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு 25 வீதமும் வரி விழுந்தது. பாலாடைக்கட்டி, ஒலிவக்காய் முதலியனவும் பட்டியலில் ஏறின.

குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டது விமானத் தொழில். தண்டனையில் பெரும்பங்கு ஏற்றது ஏதொரு தொடர்பும் இல்லாத உணவுத் தொழில். இது கோபத்தில் செய்த தவறன்று, கணக்கிட்டுச் செய்வது. எதிரி நாட்டின் எந்தப் பொருளை அடித்தால் அங்குள்ள தொகுதிக்காரர்கள் தம் அமைச்சரிடம் போய் முறையிடுவார்களோ, எந்தப் பொருள் தன் நாட்டுக்கு இன்றியமையாதது அன்றோ, அதைத் தேர்ந்தெடுப்பது பதில் வரிக் கலையின் இலக்கணம். முன்னர், 2018இல், அமெரிக்கா உருக்குக்கும் அலுமினியத்துக்கும் வரி விதித்தபோது, ஐரோப்பாவும் இதே இலக்கணப்படி அமெரிக்கரின் பூர்பனுக்கு 25 வீதம் வரி போட்டது.

கலப்பு விஸ்கிக்கு இந்த வரி விழவில்லை. பெரிய நிறுவனங்களின் பேர்பெற்ற கலப்பு விஸ்கிகள் தப்பின. தீவுகளிலும் மலையூர்களிலும் சிங்கிள் மால்ட் மட்டுமே வடித்து வாழும் சிறு வடிசாலைகள் கடுமையாக அடிபட்டன. ஒரு கிராமத்தில் வடிசாலையைத் தவிர வேறு வேலையில்லாத இடங்களும் அங்கு உண்டு. வரி நீங்குவதற்குள் 600 மில்லியன் பவுனுக்கு மேற்பட்ட ஏற்றுமதியை இழந்ததாகச் சங்கத்தார் கணக்கிட்டனர். அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு குட்டையும் என்பது இக்காலத்தில் தெரிந்தது. விமான உதவியை நிறுத்தாமல் விஸ்கியை விடுவிக்க வழியில்லை. அவ்வுதவியால் பிழைக்கும் விமான இறக்கைத் தொழிற்சாலையும் பிரிட்டனில்தான், வேல்சில், இருக்கிறது. ஒரு பிள்ளையைக் காக்க மற்றொரு பிள்ளையை விட்டுக்கொடுப்பதா?

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டன், 2021ஆம் ஆண்டு பிறந்ததும், போயிங் வழக்கின்பேரில் தான் விதித்திருக்கக்கூடிய பதில் வரியைத் தானே நிறுத்தி வைத்து நல்லெண்ணம் காட்டிற்று. மார்ச்சில் அமெரிக்கா விஸ்கி வரியை நான்கு மாதத்துக்கு நிறுத்திற்று. ஜூனில் அதை ஐந்தாண்டுக்கு நீட்டிற்று. நிறுத்தியதேயன்றி நீக்கியதன்று என்பது குறிப்பிடத்தக்கது. பிறகு 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் எல்லாப் பிரிட்டிஷ் சரக்குக்கும் பொதுவாக 10 வீதம் வரி விதித்தபோது, கலப்பு விஸ்கியும் சேர்ந்தே சிக்கிற்று. அவ்வாண்டு மே மாத உடன்பாட்டில் கார்களுக்கும் உருக்குக்கும் ஒரு வழி பிறந்தது, விஸ்கிக்குப் பிறக்கவில்லை. செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஜான் சுவின்னி வெள்ளை மாளிகைக்கே சென்று பேசினார். பீப்பாய் வாணிகத்தால் கென்டக்கிக்குக் கிடைக்கும் நன்மையை எடுத்துரைத்தது ஸ்காட்லாந்தாரின் முக்கிய வாதங்களுள் ஒன்று. தன் நட்டத்தைச் சொல்லி அழுவதைவிட எதிரியின் இலாபத்தைக் காட்டுவது பயன்தரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இந்தியாவின் பெருஞ்சந்தை

உலகில் மிகுதியான விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. அங்கு விற்கும் விஸ்கியுள் ஸ்காட்லாந்திலிருந்து வருவது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேற்படாது. அந்தச் சிறு பங்கே 2024இல் 19 கோடிக்கு மேற்பட்ட புட்டிகளுக்கு ஈடாகி, புட்டிக் கணக்கில் இந்தியாவை முதல் வாடிக்கை நாடாக்கிற்று. பணக் கணக்கில் முதலிடம் அமெரிக்காவுக்கே. காரணம், இந்தியா வாங்குவதில் பெரும்பகுதி பீப்பாய்ச் சரக்கு. அங்கே புட்டியில் அடைக்கவும், உள்நாட்டுச் சாராயத்தோடு கலக்கவும் பயன்படுவது.

இந்தியா விதித்த சுங்கத் தீர்வை நூற்றுக்கு 150 வீதம். நூறு ரூபாய்ச் சரக்கு துறைமுகம் தாண்டும்போது இருநூற்றைம்பது ரூபாயாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்றுபோயிற்று. தனித்து நின்ற பிரிட்டன் 2022 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 2025 ஜூலை 24ஆம் நாள் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. அதன்படி தீர்வை முதலில் 75 வீதமாகி, பத்தாண்டில் 40 வீதமாக இறங்க வேண்டும். அதாவது 250 ரூபாய்ச் சரக்கு முதலில் 175 ரூபாயும், பின்னர் 140 ரூபாயும் ஆகும். ஆனால் இது கடைவிலையன்று. இந்தியாவில் மதுவுக்கு வரி விதிப்பது மாநிலங்களின் உரிமை. தமிழ்நாட்டில் 2003முதல் சில்லறை விற்பனையே அரசாங்கத்தின் கையில். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. பிரிட்டனில் இட்ட கையெழுத்து சென்னைக் கடைக்கு வந்துசேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது மாநில நிதியமைச்சரைப் பொறுத்தது.

இந்திய வடிப்பாளர்க்கும் ஒரு குறை உண்டு. அது நியாயமானதும் ஆகும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு இரண்டு பங்கு ஆவியாகும் சாராயம், பெங்களூரின் வெப்பத்தில் பத்துப் பங்குக்கு மேல் ஆவியாகிறது. முதிர்வதும் விரைந்தே முதிர்கிறது. அவ்வாறிருக்க, விஸ்கி எனப் பெயர்பெற மூன்றாண்டு கழிய வேண்டும் என்னும் குளிர்நாட்டு விதியை வெப்பநாட்டுச் சரக்குக்கும் விதிப்பது மறைமுகத் தடை என்பது அவர்கள் வாதம். மற்றொன்று, இந்திய விஸ்கியில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்தது. தானியத்தில் வடித்ததே விஸ்கி என்னும் ஐரோப்பிய விதிப்படி அதற்கு அப்பெயர் செல்லாது. ஜப்பானிடம் "ஒன்றாக நடத்து" என்று வழக்காடியவர்கள், தம் வீட்டு வாயிலில் இலக்கணத்தைக் காட்டி மறிக்கின்றனர்.

நம் துறைமுகத்தில்

2023ஆம் ஆண்டில் ஸ்காட்ச் விஸ்கியின் மொத்த ஏற்றுமதி 560 கோடி பவுன். அதில் அமெரிக்கா 97.8 கோடி பவுனுக்கும், பிரான்ஸ் 47.4 கோடிக்கும் வாங்கின. மூன்றாமிடம் பெற்ற நாடு சிங்கப்பூர், 37.8 கோடி பவுன். அறுபது லட்சம் மக்களுள்ள தீவு இவ்வளவையும் குடித்திருக்க முடியுமா என்று திகைக்க வேண்டாம். பெரும்பகுதி இங்கிருந்து மறுபடியும் ஆசியாவின் பல துறைகளுக்குக் கப்பலேறுகிறது. மிளகும் கிராம்பும் ரப்பரும் இத்துறையில் இறங்கி ஏறிய பழைய கதைதான் இது. விஸ்கிக்குச் சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் இங்கேயே திறந்து குடிப்பவனுக்குக் கலால் தீர்வை உண்டு. 2014இல் அது தூய மதுசாரம் லிட்டருக்கு 88 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முன்சொன்ன 70 சென்டிலிட்டர்ப் புட்டிக்கு 24 வெள்ளி 64 காசு ஆகும். வாணிகத்துக்குக் கதவு திறப்பதும், குடிக்குக் கடிவாளம் போடுவதும் ஒரே அரசாங்கத்தால் ஒரே நேரத்தில் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பசிபிக் வட்டார நாடுகளின் விரிந்த வாணிக உடன்பாட்டில் பிரிட்டன் 2024 டிசம்பர் 15ஆம் நாள் சேர்ந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உறுப்பு நாடுகள். விஸ்கியின்மேல் மலேசியா விதிக்கும், நூற்றுக்கு 80 வீதம்வரை செல்லும் சுங்கத் தீர்வை பத்தாண்டுகளில் படிப்படியாக ஒழியும் என்பதைப் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் வெற்றிகளுள் ஒன்றாக அறிவித்தது. உள்நாட்டுக் கலால் தீர்வை அதில் சேராது. அது மலேசிய நாடாளுமன்றத்தின் விருப்பம். அந்தச் சுங்கத் தீர்வை முற்றும் நீங்கும் நாளில், உடன்பாடு நடைமுறைக்கு வந்த மாதத்தில் ஸ்காட்லாந்தில் பீப்பாயில் இட்ட விஸ்கி தன் பன்னிரண்டாம் வயதை எட்டியிராது.